படுத்த படுக்கை கேஸ் எடுப்பதில்லை

எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. அம்மாவைப் பெற்றவள், அப்பாவைப் பெற்றவள், தெருத் திண்ணையில் வெற்றிலை இடிக்கிற எந்தக் கிழவியும் ஆயாதான். ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் ஆயா என்றால் அர்த்தம் வேறு. பீத்துணி அலசுகிறவள். என் அம்மா அந்த இரண்டாவது அர்த்தத்தில் 21 வருஷம் ஆயாவாக இருந்தாள், அரசு மானியம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஏதோ ஒரு இல்லத்தின் கோளாறாக இது சுருங்கிவிடும். நான் பேச வந்தது அரசாங்கப் பணத்தைப் பற்றி.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் 11 நாள் வைத்திருந்து, "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் காலனியில் ஒரு தொகுப்பு வீடு. ஒரே ரூம். கக்கூஸ் வெளியே. நானும் தங்கச்சியும் கலந்து பேசி, அம்மா வேலை பார்த்த இல்லத்துக்கே போய்க் கேட்டோம். மேனேஜர் தெரிந்த ஆள்தான். உட்காரச் சொன்னார், அம்மாவைப் பற்றிப் பெருமையாகவும் பேசினார். அப்புறம் சொன்னார்: "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கேப்பா. நடமாடறவங்க, தன் வேலையத் தானே பாத்துக்கறவங்க, அவங்களத்தான் சேக்கறது. படுத்த படுக்கை கேஸ் எடுக்கறதில்ல."

21 வருஷம் அம்மா பார்த்தது என்ன வேலை? படுத்த படுக்கைகளைப் பார்த்த வேலைதான். நடந்து வந்து சேர்கிறவர்கள் நடந்துகொண்டே இருக்கமாட்டார்கள். ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி விழுவார்கள், இடுப்பெலும்பு முறியும், அதற்கப்புறம் கட்டில்தான். அந்தக் கட்டில்களில் ராத்திரி இரண்டு மணிக்கொருதரம் ஆளைப் புரட்டிப் போட்டது அம்மா. புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும், புண் எலும்புவரைக்கும் போகும். இது எந்த நர்சிங் காலேஜிலும் படித்து வந்ததல்ல. ஆனால் சமையல்கட்டுக்குள் அம்மா போகக்கூடாது. போகக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சமைக்க வேறு ஆள் இருந்தது, அவ்வளவுதான். அம்மா கை கழுவிவிட்ட உடம்பு, அம்மா கை எடுத்துக்கொடுத்த தண்ணியை வாங்கிக் குடிக்காது. குடிக்காத அந்தப் பெரியவரையும் அம்மாதான் சாகும்வரை கழுவினாள். தோழர்களே, தீட்டு என்பது கீழே மலத்தில் இல்லை, மேலே டம்ளரில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம்.

மத்திய அரசு 1992இல் முதியோருக்கான ஒருங்கிணைந்த திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தது. பேர் பலதடவை மாறியது. 2021இலிருந்து அடல் வயோ அப்யுதய் யோஜனா. வாயில் நுழையாத பேர் வைப்பதே ஒரு அரசியல், அதை விடுவோம். இதன் அடிப்படை எளிமையானது. அரசு தானே இல்லம் நடத்தாது. பதிவு செய்த தொண்டு நிறுவனமோ அறக்கட்டளையோ நடத்தும். திட்டச் செலவில் 90 சதம் வரை அரசு மானியமாகக் கொடுக்கும். மிச்சம் 10 சதம் நிறுவனம் போடவேண்டும். விண்ணப்பம், பரிந்துரை, ஆடிட்டர் கணக்கு, போன தவணையைச் செலவழித்ததற்குச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தால்தான் அடுத்த தவணை வரும்.

அந்தப் பத்து சதத்தைக் கையிலிருந்து போடக்கூடியவன் யார்? மானியம் ஆறு மாசம் தாமதமானால் அரிசி வாங்கி ஓட்டக்கூடியவன் யார்? இடம் வைத்திருப்பவன், கட்டடம் வைத்திருப்பவன், ஆடிட்டர் வைத்திருப்பவன். காலனியில் பத்துப் பெண்கள் சேர்ந்து எங்கள் கிழவிகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றால் இந்தப் பணம் அவர்களிடம் வருமா? வராது. பணம் கட்டடத்தைத் தேடிப் போகிறது. கட்டடம் யாரிடம் இருக்கிறது என்பதை இந்த நாட்டில் நான் விளக்கவேண்டியதில்லை. தவணை தாமதமாகும்போது முதலில் நிற்பது எது? கரண்ட் பில் நிற்காது, அரிசி நிற்காது. அம்மா வாயில் அடிக்கடி வந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு: "கிராண்ட் வரலியாம்." மூன்று மாசம், சிலதரம் நாலு மாசம் கூலி நிற்கும். கூலி என்றும் சொல்லக்கூடாது. ரிஜிஸ்டரில் 'மதிப்பூதியம்' என்று போட்டிருந்தது. கூலி என்று எழுதினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரும், பி.எப். வரும், இ.எஸ்.ஐ. வரும். மதிப்பூதியம் என்று எழுதிவிட்டால் மதிப்பு மட்டும் கொடுத்தால் போதும்போல. அம்மாவுக்கு அதுவும் கொடுக்கவில்லை. 21 வருஷத்துக்கு பி.எப். கணக்கு இல்லை. வேலையை விட்டு நின்ற அன்று ஒரு சில்வர் குடம் கொடுத்தார்கள்.

அந்தத் திட்டத்திலேயே இன்னொரு வகை இல்லம் எழுதப்பட்டிருக்கிறது. கடுமையான நோயில் கிடப்பவர்களுக்கும் மறதிநோய் வந்தவர்களுக்கும் தொடர் பராமரிப்பு இல்லம். குறைந்தது 20 பேருக்கு. அதாவது படுத்த படுக்கைக்கு ஒரு இடம் வேண்டும் என்பது தில்லிக்குத் தெரியும். ஏட்டில் இருக்கிறது. ஆனால் நிறுவனங்கள் எதை நடத்த விரும்பும் என்று நினைக்கிறீர்கள்? நடமாடும் 25 கிழவர்களைச் சமாளிக்க ஒரு சமையல்காரர், ஒரு காவலாளி, இரண்டு ஆயா போதும். கிடக்கிற 20 பேருக்கு ராத்திரி பகல் ஆள் வேண்டும், நர்ஸ் வேண்டும், துணி வேண்டும், தண்ணி வேண்டும். அதனால்தான் "கேஸ் எடுப்பதில்லை". மேனேஜர் கெட்டவர் இல்லை. கணக்கு அப்படி.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு: வறிய முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைந்தது 150 பேருக்கு, மாநில அரசு அமைக்கலாம். 'அமைக்க வேண்டும்' இல்லை, 'அமைக்கலாம்'. இந்த ஒரு 'லாம்' விகுதிக்குள் 75 லட்சம் பேர் படுத்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 10.4 சதம், அதாவது ஏறக்குறைய 75 லட்சம். இன்றைக்கு 38 மாவட்டம். 'லாம்' எல்லாம் 'வேண்டும்' ஆகி, மாவட்டத்துக்கு 150 கட்டில் போட்டாலும் மொத்தம் 5,700. ஏறக்குறைய 1,300 பேருக்கு ஒரு கட்டில். அதுவும் 2011 கணக்குப்படி.

அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு வேறு. பிள்ளைகள் சோறு போடவேண்டும், போடாவிட்டால் தீர்ப்பாயம் மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடும். 23ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்வதாக நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தைக் கவனிக்காதவனிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை இல்லாதவருக்கு 'உறவினர்' யார்? அவருடைய சொத்தை வைத்திருப்பவர் அல்லது வாரிசாக அடையப்போகிறவர். சட்டத்தின் 2ஆம் பிரிவை எடுத்துப் படித்துப்பாருங்கள். சொத்து இருந்தால் உறவு. சொத்து இல்லாத கிழவிக்கு இந்தச் சட்டத்தில் உறவினரே கிடையாது! இது நிலமுள்ளவனின் முதுமைக்காக எழுதிய சட்டம். மகன் ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டான் என்று ஊர்த்தெருப் பெரியவர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கிறார், கொடுக்கட்டும், நியாயம்தான். எங்கள் அம்மா யாரிடமிருந்து எதைத் திரும்ப எடுப்பாள்? தொகுப்பு வீட்டின் பட்டாவையா? சித்தாள் வேலைக்குப் போகும் மகனிடம் 10,000 கேட்டு எந்தத் தீர்ப்பாயத்தில் நிற்பாள்? இதைத் திருத்துகிறோம், வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையையும் சேர்க்கிறோம் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமலே 2024இல் அவை கலைந்து காலாவதி ஆனது.

அப்புறம் பென்ஷன். இங்கே 1962இல் 20 ரூபாயாக ஆரம்பித்தது. 2011இல் 1,000 ஆனது, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. மத்திய அரசு 1995இல் 75 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2006இல் 200 ஆக்கினார்கள். 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த 200 இன்னும் 200தான். இருபது வருஷத்தில் ஏறாத விலை இந்த நாட்டில் கிழவிகளின் விலை ஒன்றுதான். சமூக உதவித் திட்டம் முழுவதற்கும் 2024-25 பட்ஜெட்டிலும் 9,652 கோடி, 2025-26 பட்ஜெட்டிலும் அதே 9,652 கோடி. விலைவாசி ஏறினது நிதியமைச்சருக்கும் தெரியும், அகவிலைப்படி அறிவிக்கிறவர்கள்தானே.

1,200 ரூபாய் என்றால் நாளைக்கு 40. பெரியவர்களுக்குக் கட்டும் டயப்பர் ஒன்று எங்கள் ஊர் மெடிக்கலில் 40க்கு விற்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று. சோறு தனி. அந்த 1,200ஐ வாங்கவும் அம்மா 'ஆதரவற்றவள்' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வி.ஏ.ஓ. கேட்டார், "புள்ள இருக்கானே?" இருக்கிறேன். எட்டு மாசம் அலைந்தேன், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தனி தாசில்தார் என்று. புள்ள இருக்கிறான் என்பது அம்மாவுக்கு எதிரான சாட்சியாக நின்றது. பணம் பாங்கியில் வந்தபிறகு இன்னொரு கூத்து. கைரேகை மிஷினில் அம்மாவின் ரேகை விழவில்லை. 21 வருஷம் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தின்ற விரல். "கை சரியில்ல பாட்டி, வேற வெரல் வைங்க" என்கிறான் மிஷின்காரப் பையன். பத்து விரலும் வைத்தாள்.

இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று சொல்கிறேன், மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிய பட்ஜெட்டில் 10ஏ என்று ஒரு அறிக்கை உண்டு. பட்டியல் சாதியினர் நலனுக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று காட்டுவது. அதைப் புரட்டுங்கள். இந்த முதியோர் பென்ஷன் திட்டத்தின் ஒரு பங்கும் அதில் வந்து உட்கார்ந்திருக்கும். ஏழைக் கிழவி என்பதற்காக எல்லாச் சாதிக்கும் கொடுக்கும் 200 ரூபாயில், எங்கள் கிழவிக்கு வருகிற 200 மட்டும் 'தலித் முன்னேற்றம்' ஆகிவிடுகிறது. சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் எதற்காக வந்தது? பள்ளம் விழுந்த இடத்தில் கூடுதலாக மண் போடுவதற்கு. இவர்கள் எல்லார் வீட்டு வாசலிலும் போடும் மண்ணில் எங்கள் வாசல் மண்ணை அளந்து, 'இதோ உங்கள் கூடுதல்' என்கிறார்கள். எல்லாருக்கும் வருவது எங்களுக்கும் வந்தால் அது குடிமகளின் உரிமை. அதைத் துணைத்திட்டக் கணக்கில் எழுதுவதற்கு என் அகராதியில் திருட்டு என்று பேர்.

அரசாங்கப் பணம் எங்களுக்கு மட்டும்தான் வருகிறது என்று நினைக்கும் நல்லவர்கள் உண்டு. "உங்களுக்கென்னப்பா, எல்லாம் சலுகை" என்பார்கள். சலுகையைப் பார்ப்போம். அறக்கட்டளையாகப் பதிவு செய்த முதியோர் இல்லத்தில் 60 வயது கடந்தவர் ஒருவருக்கு மாசம் 25,000 ரூபாய் வரை கட்டணம் வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. 2018 ஜூலையிலிருந்து. கவனியுங்கள், 25,000 கட்டக்கூடியவருக்கு வரிவிலக்கு. அரசு வாங்காமல் விட்ட வரியும் அரசு கொடுத்த பணம்தான். அதை வாங்க யாரும் தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிற்கவில்லை, ஆதரவற்றவர் என்று நிரூபிக்கவில்லை, பத்து விரலும் வைக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் மூத்த குடிமக்கள் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. விளம்பரத்தில் 'சைவச் சாப்பாடு' என்று போட்டிருக்கும். எந்தச் சைவம் என்று நமக்குத் தெரியும். அங்கேயும் துணி அலசுகிறவள் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவள்தான், அதை விளம்பரத்தில் போடுவதில்லை.

2024 அக்டோபரில் 70 வயது கடந்த எல்லாருக்கும் 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால். ஆபரேஷன் செய்தால். 5 லட்சம் ஆஸ்பத்திரிக்குப் போகும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து ஆளைப் புரட்டிப் போடும் கைக்கு அதில் ஒரு பைசா இல்லை.

மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தை நான் குறைசொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நோய்த்தணிப்பு நர்ஸ் வருகிறது, பிசியோதெரபி செய்கிறவர் வருகிறார். எங்கள் வீட்டுக்கு வரும் நர்ஸ் பொண்ணு நல்ல பொண்ணு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து அம்மா கட்டிலிலேயே உட்காரும், டீ குடிக்கும். அது டீ குடிப்பதை அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். மாசத்துக்கு ஒருதரம் வரும். பக்கத்துக் கேரளாவில் 2008இலேயே நோய்த்தணிப்புக்குத் தனிக் கொள்கை போட்டு, பஞ்சாயத்துகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து நர்ஸ் வைத்து வீடு வீடாக அனுப்புகின்றன. நம் பஞ்சாயத்துத் தலைவருக்கு, அதிலும் தனித்தொகுதித் தலைவருக்கு, உட்கார நாற்காலி கிடைப்பதே போராட்டம். அது வேறு கட்டுரை. நான் கேட்பது: அந்தப் பொண்ணு வந்துபோன மிச்சம் 29 நாள்?

29 நாளும் என் தங்கச்சி. செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள், மாசம் பதினோராயிரம். நின்றுவிட்டாள். அரசாங்கம் எந்தப் பட்ஜெட்டிலும் எழுதாத செலவு இது. அவளுடைய பதினோராயிரத்தில், அவளுடைய பி.எப்.பில் அரசு தன் முதியோர் இல்லத்தை நடத்துகிறது. நான்? மறைக்க என்ன இருக்கிறது. நான் அந்த மாசங்களில் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். 'உழைப்பின் விடுதலை' என்று பேசிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், தங்கச்சி அம்மாவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பாள். நான் திரும்பிக்கொண்டு நிற்பேன். பெத்த தாய் உடம்பைப் பார்க்கக் கூச்சமாம். 21 வருஷம் ஊரான் உடம்பையெல்லாம் அம்மா பார்த்தாளே, அவளுக்குக் கூச்சம் இருந்திருக்காதா? ஒருநாள் தங்கச்சி சொன்னாள்: "அண்ணே, நீ பேசற பிராமணீயம் இந்த ரூம்லயும் இருக்கு." இதை எழுதச் சொன்னதும் அவள்தான்.

தங்கச்சியோடு ஷூ கம்பெனியில் இருந்த ஒரு பெண் நர்சிங் உதவியாளர் கோர்ஸ் முடித்து, கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, 2023இல் இங்கிலாந்து போனாள், முதியோர் இல்ல வேலைக்கு. வாட்ஸப்பில் பேசும்போது அங்கே பணம் எப்படி வருகிறது என்று கேட்டேன். அங்கேயும் அளவுகோல் சொத்துதான். ஒருவரிடம் 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து இருந்தால் இல்லத்தின் செலவு முழுக்க அவருடையது. அவர் வீடும், துணை அதில் குடியிருக்காவிட்டால், கணக்கில் சேரும். 2010இல் வைத்த வரம்பு, பதினைந்து வருஷமாகியும் மாறவில்லை. அதற்குக் கீழே போனால் உள்ளாட்சி மன்றம் பணம் கட்டும். வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வைப்போம் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் கைவிட்டார்கள்.

எனக்கு உறைத்தது இன்னொன்று. அங்கே மருத்துவம் இலவசம். பதிவு பெற்ற நர்ஸ் செய்யும் வேலைக்கு மட்டும் அரசு மருத்துவச் சேவையே நர்சிங் இல்லத்துக்கு நேராகப் பணம் கட்டுகிறது, 2025-26இல் ஆளுக்கு வாரம் 254 பவுண்டு. ஊசி போட்டால், புண்ணுக்கு மருந்து கட்டினால் நர்சிங், அது அரசின் பொறுப்பு. குளிப்பாட்டினால், சோறு ஊட்டினால், மலம் துடைத்தால்? அது 'பராமரிப்பு', மருத்துவச் சேவையே முழுச்செலவையும் ஏற்கும் அளவுக்குக் கடும் நோயாளியாக இல்லாவிட்டால், அதற்குச் சொத்துக்கணக்கு. புண்ணுக்கு மருந்து கட்டுகிற கை ஒரு கணக்கில், புண் வராமல் புரட்டிப் போடுகிற கை வேறொரு கணக்கில். சாதி என்று அங்கே இதற்குப் பேர் இல்லை. ஆனால் அந்தக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது பாருங்கள், மலத்தின் ஓரமாகவே கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டுக்குக் கீழே உள்ள வேலைக்கு ஆள் கிடைக்காமல் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டாருக்கு விசாக் கதவைத் திறந்தார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிவரக்கூடாது என்றார்கள். 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் அங்கே இருக்கிறாள், கடன் இங்கே இருக்கிறது. அவளுடைய அம்மாவை இங்கே யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அம்பேத்கர் 1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கு 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையைக் கொடுத்தார். இடஒதுக்கீட்டுக்காக மட்டும் அவரைப் படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிலம் அரசுடைமை, இன்சூரன்ஸ் அரசின் ஏகபோகம், வயது வந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் கூலிக்கு ஏற்பக் கட்டாய ஆயுள் காப்பீடு. இதையெல்லாம் சட்டசபைப் பெரும்பான்மை மாற்றமுடியாதபடி அரசியல் சட்டத்துக்குள்ளேயே வைக்கவேண்டும் என்றார். ஏன்? பெரும்பான்மை யார் என்று அவருக்குத் தெரியும். நமக்குக் கிடைத்தது 41ஆம் பிரிவு: முதுமையிலும் நோயிலும் அரசின் உதவி பெறும் உரிமை, 'பொருளாதாரச் சக்தியின் வரம்புக்குள்'. அதுவும் வழிகாட்டும் நெறி, கோர்ட்டில் கேட்கமுடியாது. அங்கேயும் ஒரு 'லாம்'.

இயக்கத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: வன்கொடுமை வழக்கு கிடக்கு, பஞ்சமி நிலம் கிடக்கு, இப்போ கிழவிகளுக்குக் கட்டில் ஒரு பிரச்சினையா? பஞ்சமி நிலம் கையில் இருந்திருந்தால் அம்மா அந்த இல்லத்துக்கு வேலைக்கே போயிருக்கமாட்டாள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை இல்லை. 2010இல் விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வயதானவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் குளிரவைத்துச் சாகவிடும் பழக்கம். ஏழைகளின் கல்நெஞ்சம் என்று தலையங்கம் எழுதினார்கள். அந்த வீட்டில் ஒரு கூலி நின்றுபோனால் எத்தனை வயிறு காயும் என்று எந்தத் தலையங்கமும் கணக்குப் போடவில்லை. அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. கட்டில் போடாத அரசு அதில் கூட்டாளி என்கிறேன்.

திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் மனுக் கொடுத்தோம். 19ஆம் பிரிவு இல்லத்தை எங்கள் மாவட்டத்தில் அரசே நடத்தவேண்டும், எந்த அறக்கட்டளைக்கும் விடக்கூடாது, 150இல் 50 கட்டிலாவது படுத்த படுக்கைக்கு என்று கேட்டோம். மானியம் வாங்கும் எல்லா இல்லத்திலும் ஆயாக்களின் ரிஜிஸ்டரைத் தொழிலாளர் துறை பார்க்கவேண்டும், மதிப்பூதியத்தை அடித்துவிட்டுக் கூலி என்று எழுதி பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கவேண்டும் என்றோம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில், அதிக உதவி தேவைப்படுகிறவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் படி என்று இருக்கிறது. வார்த்தை ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. அதை வீட்டில் கிடக்கும் முதியவர்களைப் பார்க்கும் பெண்களுக்கும் விரித்து, அவர்கள் விட்ட கூலிக்குச் சமமாகக் கொடு என்றோம். ரசீது கொடுத்தார்கள். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது: மனு சமூகநலத் துறைக்கு அனுப்பப்பட்டது. அங்கே போனால், இது வருவாய்த் துறை சம்பந்தப்பட்டது.

அதனால் இப்போது கணக்கெடுக்கிறோம். மூன்று காலனியில் முடிந்தது. எழுந்து நடக்கமுடியாமல் கிடப்பவர்கள் 26 பேர், அவர்களில் ஒன்பது பேர் முன்னே ஆயா வேலையோ துப்புரவு வேலையோ பார்த்த பெண்கள். பார்த்துக்கொள்வது யார் என்ற கட்டத்தில் 24 வீட்டில் ஒரு பெண்ணின் பெயர். மிச்சம் 14 காலனி பாக்கி. கல்லூரி லீவில் வரும் மாணவத் தோழர்கள் வாருங்கள், பாரத்தை இந்த இதழின் முகவரிக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெண் தோழர்களும் கூட வரவேண்டும். ஆண்கள் மட்டும் போனால் முதுகுப் புண்ணைக் காட்டமாட்டார்கள், இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது காலனியில் எனக்கு அப்படித்தான் ஆனது, திரும்பத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது.